மேசைக்கு வெளியே நிற்கும் மாடுகள்

பீரங்கிக் குழாய்க்குக் கறுப்பு அடிக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு முறை அடித்து, இரண்டு முறை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன். இரும்பென்றால் கறுப்பு என்று கண் பழகியிருக்கிறது. ஆனால் சுண்டுவிரல் நீளமே உள்ள ஒரு பொருளில் கறுப்பை அப்பினால் உருளை உருளையாகத் தெரியாது. யாரோ மேசைமேல் கரித்துண்டை மறந்துவிட்டுப் போனதுபோல் கிடக்கும். மூன்றாம் முறை அடர்பழுப்பில் தொடங்கினேன். அது காய்ந்ததும் ஈயச் சாம்பல். பிறகு டிரை பிரஷ்: வெள்ளி கலந்த சாம்பலைத் தூரிகையில் தொட்டு, அதில் முக்கால்வாசியைப் பழைய பனியனில் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் திருநீறு போன்ற வண்ணத்தை மேடான இடங்களில் மட்டும் படும்படி இழுப்பது. குழாயின் வளையங்கள், வாயின் உதடு, பின்பக்கக் குமிழ் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கடைசியில் வாய்க்குள் மட்டும் ஒரு சொட்டுக் கறுப்பு. அங்கே ஓட்டை ஓட்டையாகவே தெரிய வேண்டும்.

என்னுடையது 24 பவுண்டர். 24 பவுண்டு, ஏறக்குறைய 11 கிலோ எடையுள்ள இரும்புக் குண்டை எறிவது. 18ஆம் நூற்றாண்டில் கோட்டைச் சுவரை உடைக்க வேண்டுமென்றால் இதைத்தான் கொண்டுவருவார்கள். நிஜத்தில் குழாய் மட்டும் ஒன்பதரை அடி நீளம், இரண்டரை டன் எடை. என் மேசையில் அது ஐந்து சென்டிமீட்டர். மேசைப்போர் ஆடுகிறவர்கள் இந்த அளவை '28 மில்லிமீட்டர்' என்பார்கள். நிற்கிற மனிதனின் உள்ளங்காலிலிருந்து கண்மட்டம் வரை 28 மி.மீ. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த பெட்டி. உள்ளே வெள்ளீயக் கலவையில் வார்த்த துண்டுகள்: குழாய், இரண்டு சக்கரம், வண்டிச் சட்டம், நான்கு சிப்பாய்கள், ஒரு வாளி. ஒரு சக்கரத்தில் ஆரக்கால் ஒன்று வார்ப்பு நிரம்பாமல் பாதியிலேயே நின்றிருந்தது. குண்டூசியை வெட்டி ஒட்டிச் சரிசெய்தேன்.

ஆட்டம் எளிமையானதுதான். ஆறடிக்கு நாலடி மேசை. துணி விரித்து, குன்றுக்குத் தெர்மாகோல், சுவருக்கு அட்டை. பொம்மைப் படைகளை அளவுநாடாவால் அளந்து நகர்த்துவோம், தாயக்கட்டை உருட்டிச் சேதத்தைக் கணக்கிடுவோம். 1824இல் பிரஷ்யாவில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியாக அச்சேறிய விளையாட்டு இது. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் இதைத் தரையில் தவழ்ந்து ஆடும் வீட்டு விளையாட்டாக்கி 'லிட்டில் வார்ஸ்' என்றொரு புத்தகம் எழுதினார். அவர் வீட்டில் சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கி மரத்துண்டை எறிந்து ஈயச் சிப்பாய்களை நிஜமாகவே சாய்த்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் பெரிய ஆட்டம் தொடங்கியது.

எதிர்ப்பக்கம் உட்காருகிறவர் ஒரு கன்னட நண்பர். அவருக்கு மைசூர்ப் படை. அவருடைய பீரங்கிகள் அழகானவை: வெண்கல நிறம், புலிமுக வாய், உடலெங்கும் திப்புவின் புலிவரி. அசலில் அப்படியொரு சிறு வெண்கலப் பீரங்கி 2015இல் லண்டன் ஏலத்தில் 14 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. என் பங்குக்கு வந்தது கம்பெனிப் படை. நான் கேட்டு வாங்கியதில்லை, மிச்சமிருந்தது அதுதான். ஆனாலும் யோசித்துப் பார்த்தால் அது எனக்குப் பொருந்தாததும் இல்லை.

*

நாங்கள் ஹலசூரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பக்கத்தில் ஆர்ட்டிலரி ரோடு. பெங்களூரின் கன்டோன்மென்ட் பக்கத்தை மேலேயிருந்து பார்த்தால் மேசைப்போருக்கு அடுக்கிவைத்த படைபோலத்தான் இருக்கும். இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்ட்டிலரி ரோடு, பிரிகேட் ரோடு. கேவல்ரி ரோடு மட்டும் இப்போது காமராஜ் ரோடு. குதிரைப்படை போன இடத்தில் விருதுநகர்க்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். 1809 வாக்கில் கம்பெனிப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே இடம்பெயர்ந்தபோது உருவான ஊர் இது. படையின் பின்னாலேயே சென்னை மாகாணத்திலிருந்து சமையல்காரர்களும் வண்ணார்களும் கொத்தனார்களும் வண்டிக்காரர்களும் தமிழ் பேசிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தின் தலைமையகம் இன்றும் ஹலசூர் ஏரிக்கரையில்தான். நம் குடும்பம் எப்படி இங்கே வந்தது என்று சிறுவயதில் பாட்டியிடம் கேட்டால் ஒரே வார்த்தைதான் பதில்: 'பட்டாளத்தோட.' பட்டாளத்திலா, பட்டாளத்தோடா என்று அப்போது நான் பிரித்துக் கேட்கவில்லை. இப்போது அந்த 'ஓட'வில்தான் என் கவனம் நிற்கிறது.

எங்கள் மேசையில் அடிக்கடி நடப்பது 1791. யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ், பத்து ஆண்டு கழித்துக் கவர்னர் ஜெனரலாகப் பெங்களூர் முன்னால் வந்து நின்றார். மார்ச் 5ஆம் தேதி வந்து சேர்ந்தார். 7ஆம் தேதி பேட்டை விழுந்தது. பிறகு இரண்டு வாரம் கோட்டைச் சுவரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். 21ஆம் தேதி இரவு, உடைந்த இடத்தின் வழியாக நிலவொளியில் ஏறினார்கள். கோட்டையைக் காத்த கில்லேதார் பகதூர் கான் அங்கேயே மாண்டார். இன்று கோட்டையில் மிஞ்சியிருப்பது டெல்லி வாயிலும் அதை ஒட்டிய கொஞ்சம் சுவரும்தான். சுவர் உடைந்த இடத்தைச் சொல்லும் கல் ஒன்று கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் இருக்கிறது. சாமந்தி மூட்டைகளுக்கும் பி.எம்.டி.சி. பஸ்களின் புகைக்கும் நடுவே நின்று அதைப் படிப்பவர் குறைவு.

2012இல் அந்தக் கோட்டைப் பகுதியில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டியபோது பழைய இரும்புப் பீரங்கிகள் மண்ணோடு வெளியே வந்தன. திப்பு காலத்தவை என்றார்கள். அந்தப் படங்களை வெட்டி வைத்திருக்கிறேன். துரு அடிப்பதற்கு அதைவிடப் பாடம் கிடையாது. கடையில் விற்கும் 'துரு' வண்ணம் ஒரே ஆரஞ்சாக இருக்கும். நிஜத் துரு ஒரே நிறமாக இருப்பதில்லை. குழிவில் காய்ந்த ரத்தம்போலவும், விளிம்பில் செங்கல்பொடி போலவும், தண்ணீர் வழிந்த தடத்தில் டீக்கறை போலவும் இருக்கும். ஆனால் எவ்வளவு துரு வேண்டும் என்பது கணக்கு. முற்றுகைக்கு இழுத்துவரும் பீரங்கியைத் தினமும் துடைப்பார்கள். அதனால் வளையத்துக்கு அடியில் மட்டும் ஊசிமுனையால் ஒரு கோடு வைத்தேன். சக்கரத்துக்குச் செம்மண். அதற்கு வண்ணம் வாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் தோண்டிய மண்ணை வெள்ளைத் துணியில் சலித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து தொட்டுவைத்தேன். 1791இல் ஒட்டிய அதே மண்.

*

முடித்ததும் அம்மாவிடம் காட்டினேன். அம்மா தேன்கனிக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏன்டா, ஏர்க்கால் எங்க?"

"இது வண்டி இல்லம்மா, பீரங்கி."

"சக்கரம் இருக்கே. வட்டை, ஆரக்கால், குடம், அச்சு, கடையாணிகூட வச்சிருக்கான். பின்ன வண்டிதானே? மாடு பூட்ட எடமே காணோம். இத யாரு இழுத்துட்டு வந்தா?"

என்னிடம் பதில் இல்லை. பெட்டியில் வந்தது குழாயும் சக்கரமும் நான்கு சிப்பாய்களும். அந்த நால்வரும் குண்டு போடுகிறவர்கள், திரி வைக்கிறவர்கள். பீரங்கி மேசையில் முளைக்கிறது, சுடுகிறது, பிடிபடுகிறது. இழுத்து வருவதற்கென்று எங்கள் விதிப்புத்தகத்தில் இருப்பது ஒரு வரி: கனரகப் பீரங்கி ஒரு முறைக்கு நான்கு அங்குலம் நகரலாம். அந்த நான்கு அங்குலத்தை நகர்த்துவது என் ஆள்காட்டி விரல்.

அன்றிரவு அம்மா சொன்ன வார்த்தைகளையே உருட்டிக்கொண்டிருந்தேன். வட்டை, ஆரக்கால், குடம், அச்சு, கடையாணி. பூட்டினால் ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு, மூக்கணாங்கயிறு, தார்க்குச்சி. அந்தக் கொலைக்கருவியில் தரையைத் தொடும் ஒவ்வொரு உறுப்புக்கும் நம்மிடம் வயல்காட்டுப் பெயர் இருக்கிறது. மேலே இருக்கும் குழாய் ஒன்றுதான் பீரங்கி. அந்தச் சொல்லும் வந்த சொல். 'ஃபிரங்கி' என்றால் ஐரோப்பியன். கன்னடத்தில் பீரங்கிக்கு இன்றும் அதுதான் பெயர். அதே சொல் இன்னொரு வாசல் வழியாகத் தமிழுக்குள் நுழைந்து 'பறங்கி' ஆயிற்று. மதராஸ் பீரங்கிப்படையின் தலைமையிடம் பரங்கிமலையில் இருந்தது என்பதைப் படித்தபோது, பிரிந்துபோன இரண்டு சகோதரர்கள் ஒரே குன்றில் குடியிருந்ததைக் கண்டதுபோல இருந்தது.

குழாய் அவர்களுடையது, வண்டி நம்முடையது என்று எழுதி இதை அழகாக முடித்துவிடலாம்தான். ஆனால் தஞ்சாவூர்க் கோட்டையின் பீரங்கிமேடு அதற்கு இடம் கொடுக்காது. அங்கே இருக்கும் நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி ஏறக்குறைய 25 அடி நீளம். வார்த்ததில்லை, அடித்துச் செய்தது. நீண்ட இரும்புப் பட்டைகளைப் பீப்பாய்போல் நிறுத்தி, சுற்றிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை வரிசையாக ஏற்றியிருக்கிறார்கள். வளையம் ஆறும்போது சுருங்கி இறுகிக்கொள்ளும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏற்றும் கொல்லர் செய்வதும் இதுதான். தணலில் சிவந்த பட்டாவை இடுக்கியால் தூக்கி, வட்டைமேல் போட்டுத் தண்ணீர் ஊற்றும்போது எழும் சத்தத்தைத் தன் ஊரில் கேட்டிருப்பதாக அம்மா சொல்வார். பீரங்கிக்கும் பாரவண்டிக்கும் உலைக்களம் ஒன்று, கையும் ஒன்று.

*

மாட்டைத் தேடிப் போனேன். தேடத் தேட அந்தப் போரே வேறு போராகிவிட்டது.

24 பவுண்டர் போன்ற கனரகப் பீரங்கிக்கு நாற்பது, ஐம்பது என்று மாடுகளைப் பூட்டினார்கள். ஏற்றத்திலோ சேற்றிலோ சக்கரம் புதைந்தால் யானையைப் பின்னால் நிறுத்தி நெற்றியால் முட்டித் தள்ளச் செய்தார்கள். அதுவும் போதாதபோது மனிதர்கள் வடம் பிடித்தார்கள். அந்த வேலைக்கென்றே பீரங்கிப்படையில் 'கன் லஸ்கர்' என்று ஆட்கள் இருந்தார்கள். படை கலைந்தும் அந்தச் சொல் நம் ஊரைவிட்டுப் போகவில்லை. தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில் மதகைத் திறந்து மூடி வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு லஸ்கர் என்றுதான் பெயர்.

மைசூரின் பலமும் மாட்டில்தான் இருந்தது. உடையார்கள் காலத்தில் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவதற்காக இருந்த மாட்டுப்பண்ணைக்கு 'பெண்ணெ சாவடி' என்று பெயர், வெண்ணெய்ச் சாவடி. ஹைதர் அதன் காளைகளைப் பீரங்கியில் பூட்டினார். திப்பு அதற்கு 'அம்ருத் மஹால்' என்று பெயர் மாற்றினார். அந்த மாடுகளின் வேகத்தால் ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தார் என்று மைசூரின் பழைய கெசட்டியர் எழுதுகிறது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகும் கம்பெனி அந்த மந்தையைக் கலைக்கவில்லை.

காரன்வாலிஸிடம் அப்படிப்பட்ட மாடுகள் இல்லை. பெங்களூரைப் பிடித்தவர் மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி நடந்தார். மழை முந்திக்கொண்டது. தீவனம் கிடைக்கவில்லை. மாடுகள் வழியெங்கும் செத்து விழுந்தன. 15ஆம் தேதி அரிகெரே அருகே நடந்த சண்டையில் வென்றார். வென்ற சில நாட்களிலேயே, கண்ணம்பாடியில், பெங்களூர்ச் சுவரை உடைத்த தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். எதிரியின் குண்டு அவற்றைத் தொடவில்லை. இழுக்க மாடு இல்லை, அவ்வளவுதான். பின்னாளில் கிருஷ்ணராஜ சாகர் அணை எழுந்தது அந்தக் கண்ணம்பாடியில்தான்.

எங்கள் மேசையில் இந்தத் தோல்விக்கு இடமில்லை. தாயக்கட்டையில் எந்த எண் விழுந்தாலும் என் பீரங்கி பசியால் சாகாது.

அந்தப் போரை வரைந்த ஓவியருக்கும் இதே சிக்கல் இருந்திருக்கும். ராபர்ட் ஹோம் என்பவர் காரன்வாலிஸ் படையோடு வந்தவர். அவர் தீட்டிய பெரிய ஓவியம் ஒன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது: மார்ச் 7, பேட்டை வாயிலில் மதராஸ் பீரங்கிப்படையின் லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸின் மரணம். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த மனிதர். வாயிலைப் பிளக்கப் பீரங்கிகளை முன்னால் கொண்டுவந்தபோது சுடப்பட்டார். இறப்பதற்கு ஓவியத்தின் நடுவில் இடம் வேண்டும். அவருக்கு அது கிடைத்தது. அந்தப் பீரங்கிகளை வாயில்வரை கொண்டுவந்த மாடுகளும் அவற்றை ஓட்டியவர்களும் அன்று எப்படிச் செத்தார்கள் என்று வரைவதற்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. நான் தீட்டிய நான்கு சிப்பாய்களும் ஹோமின் வழியில்தான் வந்தவர்கள். பித்தான், குறுக்குப் பட்டை, புருவம் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு இரவு செலவழித்தேன். அத்தனை கவனமும் பெட்டிக்காரர் காட்டிய இடத்தில்தான் போய் விழுந்திருக்கிறது.

ஹலசூர் சோமேஸ்வரர் கோயில் தேரை யாராவது வரைந்தால் வடம் பிடிக்கிறவர்களை விட்டுவிட்டு வரைவார்களா? சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கூடப் படத்தில் இருப்பார். தேர் தானாக நகராது என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பீரங்கி விஷயத்தில் மட்டும் அது எப்படியோ மறந்துபோகிறது. நம் சதுரங்கத்தில் யானை, குதிரை, தேர், காலாள் உண்டு, பீரங்கி கிடையாது. சீனச் சதுரங்கத்தில் உண்டு. அதற்கு ஒரு விசித்திரமான விதி: பீரங்கி ஒரு காயை வெட்ட வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் இன்னொரு காய் நிற்க வேண்டும். அதைத் தாண்டித்தான் வெட்ட முடியும். நடுவில் ஆள் இல்லாத பீரங்கி அங்கே வெறும் கட்டை. எங்கள் விதிப்புத்தகத்தை எழுதியவர்களைவிட அதை வகுத்தவர்களுக்குப் பீரங்கியைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது.

*

எஸ்.பி. ரோட்டில் எம்-சீல் வாங்கிவந்தேன். கட்டுக்கம்பியில் எலும்புக்கூடு, அதன்மேல் பிசைந்த எம்-சீல். அரை மணி நேரத்துக்குள் வடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கல்லாகிவிடும். முதல் மாடு நாய் மாதிரி வந்தது. இரண்டாவது எருமை. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"திமிலு இன்னும் முன்னால வரணும். கழுத்துமேல ஏறுற மாதிரி. அலைதாடி இவ்ளோ தொங்காது, இது ஹள்ளிகார். கொம்பு நெத்தியிலேர்ந்து நேரா பின்னால போயி, நுனி மட்டும் முன்னால வளையும்."

தேன்கனிக்கோட்டைத் தாத்தா வீட்டில் ஒரு ஜோடி ஹள்ளிகார் இருந்ததாம். அம்ருத் மஹால் மாட்டுக்கும் மூலம் அந்த இனம்தான். நிறம் சொல்லும்போது அம்மா வண்ணப் புட்டிகளைப் பார்க்கவே இல்லை. "சாம்பல்தான், ஆனா தோளும் பின்தொடையும் கருக்கலா இருக்கும். மூஞ்சியில வெள்ள திட்டு." பீரங்கிக் குழாய்க்குக் கலந்து மிச்சமிருந்த சாம்பலிலேயே கொஞ்சம் வெள்ளையும் துளி பழுப்பும் சேர்த்தபோது தோல் வந்துவிட்டது. இரும்புக்கு விளிம்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். மாட்டுக்கு விளிம்பே இருக்கக் கூடாது, நிறம் நிறத்துக்குள் கரைய வேண்டும். மாடு ஒன்றுக்கு மூன்று மாலைகள் ஆயின.

பிறகு ஒரு நாள் அளவுநாடாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். இந்த அளவில் பூட்டிய ஒரு ஜோடி, முன் ஜோடியோடு இடைவெளி சேர்த்து, ஐந்தரை சென்டிமீட்டர் பிடிக்கும். நாற்பது மாடு என்றால் இருபது ஜோடி. ஒரு மீட்டரும் பத்து சென்டிமீட்டரும். எங்கள் மேசையின் அகலம் நாலடி, அதாவது ஒரு மீட்டர் இருபது. பீரங்கியை என் பக்க விளிம்பில் வைத்தால் முதல் ஜோடியின் கொம்பு எதிரியின் மடியில் இடிக்கும். ஒரே ஒரு பீரங்கிக்கு. காலாட்படைக்கும் கோட்டைக்கும் இடமே இருக்காது. விளையாட்டு நடக்க வேண்டுமென்றால் மாடுகள் மேசைக்கு வெளியே நின்றாக வேண்டும். பெட்டிக்காரர் கஞ்சத்தனத்தால் விட்டுவிட்டார் என்று நான் நினைத்தது தவறு. அவற்றை வைத்தால் போர் கண்ணுக்கே தெரியாது. தெரிவதெல்லாம் மாட்டுவண்டி வரிசைதான்.

இதுவரை மூன்று ஜோடி முடிந்திருக்கிறது. ஓட்டுகிறவர் ஒருவரையும் வடித்துவிட்டேன்; தலைப்பாகை, இடுப்புத்துணி, கையில் தார்க்குச்சி. முகத்தில் கண் வைக்கத்தான் தாமதம். 28 மில்லிமீட்டரில் கண் என்பது இரண்டு புள்ளி. எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை அந்த இரண்டு புள்ளிதான் சொல்லும். சிப்பாய்கள் நால்வரும் கோட்டையைப் பார்க்கிறார்கள். இவர் எதைப் பார்ப்பார் என்று அம்மாவிடம் கேட்டேன். இதையெல்லாம் போய்க் கேட்கிறானே என்பதுபோல் பார்த்தார்.

"மாட்டோட கால."